வலாக்கியாவுக்கு எந்தப் பக்கம்?

சென்ற இதழில் ‘சிக்’ என்ற ஜெர்மன் இளையோர் நாவலைப் பற்றி இரண்டே பத்தி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், அந்த இரண்டு பத்தியை எழுதாமலே இருந்திருக்கலாம், அல்லது இருபது பத்தி எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆகவே இந்த இதழ் முழுவதும் அந்த நாவலுக்கே. வேறு கேள்விகள் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தக அலமாரியில் கரையானை ஒழிப்பது எப்படி என்று கேட்ட காரைக்குடி வாசகருக்கு மட்டும் அவசரம் கருதித் தனியாக அஞ்சலட்டை போட்டுவிட்டேன்.

கேள்வி: கதையைச் சொல்லாமலே புகழ்ந்துவிட்டீர்கள். இரண்டு பையன்கள் காரில் ஊர் சுற்றுகிறார்கள் என்பதைத் தவிர அதில் என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பெர்லின் நகரின் கிழக்கு ஓரத்தில் மார்ட்சான் என்ற பகுதி. அங்கே நீச்சல் குளம் வைத்த வீட்டில் மைக் என்ற 14 வயதுப் பையன் இருக்கிறான். வீட்டில் பணம் இருந்தது, இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்குக் குடிப் பழக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் அம்மா சிகிச்சைக்குப் போகிறாள். வீட்டில் அந்த இடத்துக்கு ‘அழகு நிலையம்’ என்று பெயர். அப்பா, அலுவலக வேலை என்று சொல்லித் தன் இளம் உதவியாளரோடு கிளம்புகிறார். மகன் கையில் 200 யூரோ வைத்துவிட்டுப் போகிறார். பையன் தனியாக இருக்கிறான். வகுப்பில் அவன் விரும்பும் தத்யானா பிறந்தநாள் விருந்துக்கு அநேகமாக எல்லோரையும் அழைத்திருக்கிறாள், இவனை அழைக்கவில்லை.

அழைப்பு இல்லாத இன்னொருவன் சிக். ரஷ்யாவிலிருந்து வந்த குடும்பம், வாயில் நுழையாத குடும்பப் பெயர், அதைச் சுருக்கித்தான் இந்தக் கூப்பிடு பெயர். சில நாள் வகுப்புக்கே மது வாடையோடு வருவான். அவன் ஒரு பழைய லாடா காரை ஓட்டிக்கொண்டு மைக் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கார் அவனுடையது இல்லை. தெருவில் நின்றதை எடுத்திருக்கிறான். திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறானாம். ருமேனியாவில் உள்ள வலாக்கியாவில் தாத்தா இருக்கிறார், போகலாம் வா என்கிறான். அப்படி ஓர் ஊரே கிடையாது என்று மைக் வாதாடுகிறான். வாதம் முடிவதற்குள் கார் கிளம்பிவிடுகிறது.

வரைபடம் கிடையாது. வலாக்கியா தெற்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். வீட்டு உறைபெட்டியிலிருந்து பீட்சாவை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைச் சூடு செய்ய அடுப்பு வேண்டும் என்பது வழியில்தான் உறைக்கிறது. காரில் கிடைத்த ஒரே கேசட் ரிச்சர்ட் கிளேடர்மேனின் பியானோ. கொள்ளைக்காரர்கள்போல் கிளம்பிய இரண்டு பேரும் வழி நெடுக அந்தக் கல்யாண மண்டபத்து இசையைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். நாவலின் நகைச்சுவை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள இது போதும். அவர்கள் வலாக்கியா போய்ச் சேர்ந்தார்களா? முதல் பக்கத்திலேயே மைக் இரத்தம் வழிய நெடுஞ்சாலைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான். நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பிறந்தநாளுக்கு இதை வாங்கித் தரலாம் என்றிருந்தேன். கார் திருட்டு, குடி, ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டுவது என்று கேட்டதும் கை நடுங்குகிறது. பையன் கெட்டுப்போக மாட்டானா?
– ஒரு தாய், சென்னை–91

பதில்: கெட்டுப்போவதற்கு உங்கள் மகனுக்கு நானூறு கிலோமீட்டரும் ஒரு லாடாவும் தேவையில்லை, கையில் இருக்கும் கைப்பேசியே போதும். ஆனாலும் உங்கள் கேள்வியைத் தட்டிக் கழிக்க மாட்டேன்.

முதலில், இந்த நாவல் எதையும் மறைத்துக் கொடுக்கவில்லை. பையன்கள் பேசும் மொழி பையன்களின் மொழி. சில இடங்களில் உங்களுக்கு முகம் சுளிக்கும். அதே சமயம், அவர்கள் செய்வதற்கு விலை உண்டு. ஜெர்மன் சட்டப்படி 14 வயது நிறைந்தால் குற்றப் பொறுப்பு வந்துவிடும். இவர்களுக்கு அந்த வயது ஆகிவிட்டது. நீதிமன்றம் வருகிறது, தண்டனை வருகிறது, சிக் சிறார் இல்லத்துக்கு அனுப்பப்படுகிறான். கார் இரண்டு முறை நொறுங்குகிறது, இரண்டாம் முறை பன்றி ஏற்றிய லாரியோடு. பரபரப்பான சாகசத்துக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவே எவ்வளவு குறைந்த தூரம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் போக்குவரத்துக் காவலரும் சொல்லிவிட முடியாது.

நம் ஊர்க் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. புத்தகத்தோடு இதையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள், பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதிலாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஓர் உதவி பெறும் பள்ளியின் நூலகத்தில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவள் நான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்தும் சீட்டு ஒட்டியிருக்குமே, அதைப் பார்த்தாலே ஒரு நூலின் ஜாதகம் தெரிந்துவிடும். ‘மாணவர்களுக்கு நல்லொழுக்கம்’ வகையறா நூல்களின் சீட்டில் ஆசிரியர்கள் எடுத்த தேதி மட்டும்தான் இருக்கும். வீட்டை விட்டு ஓடும் பையன்களின் கதைகளுக்கு மூன்றாவது சீட்டு ஒட்டியிருப்பேன். அவற்றைப் படித்த பையன்கள் யாரும் ஓடிவிடவில்லை. ஒரே ஒருவன் ஓடினான். அவன் நூலகத்துப் பக்கமே வராதவன்.

கேள்வி: காதல் உண்டா?
– ஒரு வாசகர், அறந்தாங்கி

பதில்: உண்டு, நீங்கள் எதிர்பார்க்கும் பக்கத்தில் இல்லை.

கேள்வி: ‘தன்னைக் கண்டடையும் பயணம்’ என்று எல்லாப் பயண நாவல்களின் பின்னட்டையிலும் போடுகிறார்கள். இந்த மைக் எதைக் கண்டடைந்தான்? எந்த இடத்தில்?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நல்ல கேள்வி. பின்னட்டை எழுதுபவர்களைக் கூண்டில் ஏற்றும் கேள்வி.

மைக் தன்னைத் தேடிக் கிளம்பியவன் இல்லை. விடுமுறையில் வேறு வேலை இல்லாததால் கிளம்பியவன். தன்னைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே ஒரு தீர்மானம் உண்டு: நான் சலிப்பூட்டும் ஆள், என்னிடம் ஒன்றும் இல்லை. பள்ளியில் ஒருமுறை அம்மா சிகிச்சைக்குப் போய்வந்த கதையைக் கட்டுரையாக எழுதி, வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படிக்கிறான். அவன் அறிந்த அம்மா அவள்தான். வேடிக்கையானவள், டென்னிஸ் ஆடுபவள், குடிப்பவள். அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்பதே படிக்கும்போது அவனுக்குத் தெரியாது. ஆசிரியர் திட்டுகிறார், வகுப்பு அவனுக்கு ‘மனநோயாளி’ என்று பட்டப்பெயர் வைக்கிறது. சில காலத்தில் அந்தப் பட்டப்பெயரும் தேய்ந்து மறைந்துவிடுகிறது. பட்டப்பெயர்கூட ஒட்டாத அளவுக்குச் சாதாரணமானவன் நான் என்று அவன் நினைத்துக்கொள்வது எனக்கு அந்தப் பட்டப்பெயரைவிட அதிகமாக வலித்தது.

இப்படிப்பட்டவன் சாலையில் யார் யாரைச் சந்திக்கிறான் என்று பாருங்கள். ஒரு கிராமத்தில் பல்பொருள் அங்காடிக்கு வழி கேட்கிறார்கள். அந்த வீட்டு அம்மாள், நிறையப் பிள்ளைகளைப் பெற்றவள், உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். சாப்பாட்டுக்குப் பின் பொது அறிவுக் கேள்விகள். விடை சொன்னவர் முதலில் இனிப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். வாண்டுகள் பட்டுப் பட்டென்று விடை சொல்கின்றன. உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் இருவரும் விழிக்கிறார்கள். இன்னோரிடத்தில் ஒரு கிழவர் முதலில் இவர்களைத் துப்பாக்கியால் சுடுகிறார், பிறகு உள்ளே அழைத்துக் குடிக்கக் கொடுத்துப் போர்க்காலக் கதை பேசுகிறார். கார் உருண்டு விழுந்ததும் ஒரு பெண்மணி தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு ஓடிவருகிறார். வந்த வேகத்தில் அதைச் சிக்கின் பாதத்தில் போட்டு எலும்பை உடைத்தும்விடுகிறார். பிறகு தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறார்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஆஸ்பத்திரியில் நடக்கும் தொலைபேசிக் காட்சி. நேரம் அதிகாலை நான்கு மணி இருக்கும். பெரியவர் யாரையாவது அழைத்துப் பேசினால்தான் விடுவார்கள். அழைக்க ஆளில்லை. மைக் ஏதோ ஓர் எண்ணைச் சுழற்றி, எதிர்முனையில் தன் சித்தியோ அத்தையோ இருப்பதுபோல் நடிக்கத் தொடங்குகிறான். எழுந்து வந்து எடுத்தவர் முன்பின் தெரியாத ஓர் ஆண். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் வைத்துவிடவில்லை. மறுமுனையில் ஒரு பையன் ஏதோ சிக்கலில் இருக்கிறான் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடுகிறது. என்னிடம் கார் இருக்கிறது, வந்து அழைத்துப் போகட்டுமா என்று கேட்கிறார்.

அந்த இடத்தில் மைக் யோசிக்கிறான். உலகம் கெட்டது, மனிதர்கள் கெட்டவர்கள், யாரையும் நம்பாதே என்று சிறுவயதிலிருந்து அப்பா சொன்னார், ஆசிரியர்கள் சொன்னார்கள், தொலைக்காட்சி சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கெட்டவர்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் நாங்கள் போன வழியில் அந்த மிச்ச ஒருவரையே திரும்பத் திரும்பச் சந்தித்தோமே, இப்படியும் நடக்கும் என்று பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் இவ்வளவு திகைத்திருக்க மாட்டேனே என்கிறான்.

ஆக, வழியில் அவன் கண்டறிந்தது மற்றவர்களைத்தான். தன்னைக் கண்டடைந்த இடம் வேறு, அது சாலையிலேயே இல்லை. ஊர் திரும்பியபின் அப்பா சொல்லிக் கொடுக்கிறார்: பழியை அந்த ரஷ்யப் பையன்மேல் போடு, அவன்தான் இழுத்துக்கொண்டு போனான் என்று சொல், நீ தப்பிக்கலாம். ஒப்புக்கொள்ளாத மகனை அடிக்கவும் செய்கிறார். நீதிமன்றத்தில் மைக் நடந்ததை நடந்தபடி சொல்கிறான். அங்கேயோ சிக் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறான். நீதிபதிக்குத் தலை சுற்றுகிறது. எந்த இடம் என்று கேட்டீர்களே தம்பி, அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிஜத்தில் இப்படி வழியெல்லாம் நல்லவர்கள் கிடைப்பார்களா? நான் காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நம்ப முடியவில்லை.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஐயா, உங்களிடம் வந்து சேர்ந்தவர்களெல்லாம் அந்தத் தொண்ணூற்றொன்பதைச் சந்தித்தவர்கள். மிச்ச ஒருவரைச் சந்தித்தவர்கள் புகார் கொடுக்க வருவதில்லை.

என் அண்ணன் பத்தாம் வகுப்பு விடுமுறையில் அப்பாவின் ராஜ்தூத்தைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைச் சாலையில் போனான். கீரனூர் தாண்டி பெட்ரோல் தீர்ந்தது. டீக்கடைக்காரர் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்தச் சொல்லி, இரண்டு பன்னும் டீயும் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, நடத்துனரிடம் டிக்கெட் பணத்தையும் கொடுத்து அனுப்பினார். அண்ணன் அப்பாவிடம் வாங்கிய அடியை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். டீக்கடைக்காரர் கதையை அவன் தன் கல்யாணத்துக்குப் பிறகுதான் வாய் திறந்து சொன்னான்.

மற்றபடி நாவலாசிரியரும் வெள்ளந்தி இல்லை. வழிவிடாமல் குறுக்கே மறித்து ஓட்டி விபத்துக்குக் காரணமான லாரி ஓட்டுநர் ஒருவரும் அதே சாலையில்தான் வருகிறார்.

கேள்வி: அறந்தாங்கி வாசகருக்கு நீங்கள் சொல்லப்போகும் பதில் மழுப்பலாக இருந்தால் என்னுடைய இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: பெண் பாத்திரங்கள் எப்படி?
– அவருடைய மனைவி, அறந்தாங்கி

பதில்: உங்கள் கணவரை நீங்கள் அறிந்து வைத்திருப்பதுபோலவே என்னையும் அறிந்து வைத்திருக்கிறீர்கள்.

தத்யானா பெயரளவில்தான் வருகிறாள். மைக் மாதக் கணக்கில் உட்கார்ந்து அவளுக்காகப் பாடகி பியான்சேயின் படத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறான். சிக் அவனை விடாப்பிடியாக லாடாவில் ஏற்றி விருந்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோய், படத்தைக் கொடுக்க வைத்து, எல்லோரும் பார்க்கக் காரை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கிளம்புகிறான். அத்தோடு அந்தக் காதல் தீர்ந்தது. கொடுத்து முடித்ததுமே பாரம் இறங்கிவிட்டது.

பிறகு குப்பைமேட்டில் ஈசா வருகிறாள். இவர்கள் அங்கே ரப்பர் குழாய் தேடுகிறார்கள். பெட்ரோல் பங்குக்குப் போனால் வயது காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் நிற்கும் கார்களிலிருந்து பெட்ரோல் உறிஞ்சத் திட்டம். உறிஞ்சத் தெரியவில்லை. அழுக்கேறிய அந்தப் பெண் இரண்டு பேரையும் வசைபாடிக்கொண்டே வேலையை முடித்துத் தருகிறாள். ப்ராக் நகரில் இருக்கும் அக்காவிடம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு சுற்றுலாப் பேருந்தைப் பார்த்ததும் மைக்கிடம் 30 யூரோ கடன் வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறாள். எங்கிருந்து வந்தாள், ஏன் அப்படித் திரிகிறாள் என்று நாவல் சொல்லவே இல்லை. ஆசிரியருக்கும் அவளை விட மனமில்லை. அவளை வைத்துத் தனி நாவல் எழுதிக்கொண்டிருந்தார். முடிக்கவில்லை. அவர் மறைந்தபின் 2014இல் முடியாத வடிவிலேயே வெளிவந்தது.

சிக்குக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்பதும் வழியில் தெரியவருகிறது. அவன் சொல்கிறான், மைக் கேட்டுக்கொள்கிறான், பயணம் தொடர்கிறது. பிரசங்கம் எதுவும் இல்லாமல் ஒரு நாவல் இதைக் கடந்துபோவது எனக்குப் பிடித்தது.

கேள்வி: ஆசிரியர் சாவை எதிர்நோக்கியபடி எழுதிய நாவல் என்று எங்கோ படித்தேன். பின் எப்படி இவ்வளவு சிரிப்பு?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வோல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃப் 1965இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். ஓவியம் படித்தவர், கேலிப் பத்திரிகைக்குப் படம் வரைந்தவர். 2010 பிப்ரவரியில் அவருக்கு மூளைப் புற்றுநோய் என்று தெரிந்தது. இந்த நாவலைத் தொடங்கியது அதற்கு முன்பே; பாதியில் கிடந்ததை மளமளவென்று முடித்தார், அதே ஆண்டில் நூல் வந்துவிட்டது. 2011இல் ஜெர்மனியின் இளையோர் இலக்கிய விருது. 2013 ஆகஸ்டில் இறந்தார்.

சாவுக்கும் சிரிப்புக்கும் முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. சிறுவயதில் தாம் விரும்பிப் படித்த நூல்களை அவர் மறுபடி எடுத்துப் பார்த்தபோது மூன்று பொருள் பொதுவாக இருப்பதைக் கவனித்தாராம்: பெரியவர்களைச் சட்டென்று அப்புறப்படுத்துவது, பெரிய பயணம், பெரிய தண்ணீர். கெட்டிக்காரக் கவனிப்பு. மைக்கின் பெற்றோரை அவர் எத்தனை சீக்கிரம் அப்புறப்படுத்துகிறார் என்று மேலே பார்த்தீர்கள். பெரிய தண்ணீருக்குத்தான் ஜெர்மனியின் நடுவில் வழியில்லை. கடைசியில் வீட்டு நீச்சல் குளத்தோடு சமாளிக்கிறார். குடித்த அம்மா வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் குளத்தில் தூக்கிப் போட, மகனும் சேர்ந்துகொள்கிறான். அதற்குமேல் சொன்னால் படிக்கப்போகிறவர்கள் கோபிப்பார்கள்.

கேள்வி: 2016இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டேன். நாவலும் படிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஃபாத்தி அகின் இயக்கிய படம்தானே? நல்ல படம். நாவலின் சொத்து மைக்கின் குரல். கேமராவுக்கு அந்தக் குரல் முழுதாகக் கிடைக்காது. படியுங்கள். நான் படித்தது டிம் மோர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. ‘ஒய் வி டுக் தி கார்’ என்ற பெயரில் 2014இல் வந்தது.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 17 வயது. தென்காசிப் பையன் ஒருவன் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போவதாகத் தமிழில் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வழியில் அவன் வாழ்க்கையின் பொருளை உணர்கிறான். யோசனை சொல்லுங்கள்.
– ஒரு மாணவர், தென்காசி

பதில்: வாழ்க்கையின் பொருளை விடுங்கள் தம்பி, சுங்கச்சாவடியைச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து காருக்கு ஃபாஸ்டாக் கட்டாயம். உங்கள் பையன் நான்குவழிச் சாலையில் ஏறி முதல் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அப்பாவின் கைப்பேசியில் குறுஞ்செய்தி விழும்: இந்த எண் வண்டி, இந்த இடம், இவ்வளவு ரூபாய். இரண்டாம் அத்தியாயத்தில் அப்பா கோவில்பட்டிச் சித்தப்பாவுக்குப் போன் போடுவார், மூன்றாம் அத்தியாயத்தில் நாவல் முடிந்துவிடும்.

ஒன்று, அப்பாவுக்குத் தன் மகன் போகும் இடமெல்லாம் தெரிந்துகொண்டே இருக்கட்டும். தெரிந்தும் அவர் ஏன் உடனே தடுக்கவில்லை என்பதை எழுதுங்கள், அது பெரிய நாவலாகும். அல்லது பையனைச் சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர்ச் சாலைகளிலேயே விடுங்கள். அங்கே ஆடு குறுக்கே வரும், வழி கேட்டால் உட்காரச் சொல்வார்கள். எங்கே தூங்குகிறான், யாரிடம் பெட்ரோல் வாங்குகிறான், எத்தனை ரூபாய் மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு இரவுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை அவன் எங்கே, யாரிடம் பழகினான் என்பதும் வேண்டும். மெக்கானிக் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

முதல் மூன்று அத்தியாயம் ஆனதும் அனுப்புங்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும். ஓரத்தில் திருத்துவதற்கு இடம் விடவும்.